நின்றால் கிளம்பாத கார்

மச்சான்,

நீ போன பிறகு வந்த முதல் ஆயுத பூசை இன்று. காலையிலேயே என் மகன் தன் லாரியைக் கழுவித் துடைத்து, இரண்டு பக்கமும் வாழைக்கன்று கட்டி, பானட்டைத் தூக்கி வைத்துவிட்டுச் சந்தனக் கிண்ணத்தோடு உள்ளே குனிந்தான். நான் வாசலில் நாற்காலி போட்டுச் செய்தித்தாள் பார்த்துக்கொண்டிருந்தேன். பெட்ரோல் வாடையும் அரைத்த சந்தனத்தின் வாடையும் ஒன்றாய்க் கலந்து மூக்கில் ஏறியதுதான் தாமதம், எழுந்து நின்று கத்திவிட்டேன்.

“டேய், டைனமோ பக்கம் கைய கொண்டு போவாதே!”

அவன் துள்ளிய துள்ளலில் தலை பானட்டில் மோதியது. மருமகள் அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள். “மாமா, என்னாச்சு?” என்றாள். “ஒண்ணும் ஆகல. ஸ்டீரிங்குல வைக்கட்டும், வெளக்குல வைக்கட்டும். டைனமோவுக்கு மட்டும் வேணாம். அதுக்குச் சந்தனம் ஒத்துக்காது” என்றேன். இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கிழவனுக்குக் கழன்றுவிட்டது என்று அந்தப் பார்வைக்கு அர்த்தம். நீ பக்கத்தில் இருந்திருந்தால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்திருப்பாய்.

அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. இந்த விஷயம் முழுசாகத் தெரிந்தது உனக்கும் எனக்கும்தான். இப்போது எனக்கு மட்டும் என்று ஆகிவிட்டது. பூசை முடிந்து சுண்டல் தின்று எல்லோரும் ஓய்ந்த பிறகு, உனக்கே ஒரு முறை சொல்லிவிடலாம் என்று எழுத உட்கார்ந்தேன். உனக்குத் தெரிந்த கதைதான். என் வாயால் கேட்டால் கொஞ்சம் கூடுதலாக இருக்கும், பொறுத்துக்கொள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் நடுவில் நாம் இரண்டு பேருமே ஆளுக்கு ஒரு திமிரோடு அலைந்தோம். ரப்பர் தோட்டத்துக் கூலி லயத்தில் பிறந்து, பால்வாளி தூக்காமல் தப்பித்து ஈப்போவுக்கு வந்துவிட்டோம் என்ற திமிர். எனக்கு ஒரு சின்ன மளிகைக் கடை. உனக்குக் காம்பாரில் ஈயச் சுரங்கம் வைத்திருந்த சீன முதலாளி, தவுக்கே ஒருவரிடம் டிரைவர் வேலை. அந்தத் தவுக்கே புதுக் கார் எடுத்துக்கொண்டு பழையதைத் தள்ளிவிட நினைத்த அன்று, நீ என் கடைக்குள் புயலாய் வந்து அரிசி மூட்டை மேல் ஏறி உட்கார்ந்தாய். “மச்சான், நம்ம ரெண்டு பேரும் சேந்து எடுத்துக்குவோம். ரெண்டு சக்கரம் ஒனக்கு, ரெண்டு சக்கரம் எனக்கு” என்றாய்.

“ஸ்டீரிங்கு?” என்று கேட்டேன்.

“அது எனக்குத்தான். ஒனக்கு ஓட்டத் தெரியாது, லா. ஆனா பின் சீட்டு ரெண்டு பேருக்கும் கெடையாது. அது எங்கம்மாவுக்கு.”

பழுப்பு நிற அமெரிக்க வண்டி. மேலே மடக்கும் துணிக்கூரை, பக்கவாட்டில் ஏறி இறங்க அகலமான பலகை, முன்னால் கண்ணாடிக்குக் கீழே வரிசையாய்க் குமிழ்கள். வாடகைக்கு ஓட்டினோம். ஈப்போவிலிருந்து காம்பார், காம்பாரிலிருந்து ஈப்போ, இடையில் கல்யாணம், காதுகுத்து, கோயில் என்று எது வந்தாலும் போவோம். ஆனால் நீ அந்தக் காரை எதற்காக வாங்கினாய் என்பது எனக்கு முதல் நாளே தெரியும்.

கோப்பேங் தாண்டி உள்ளே போகும் நம் தோட்டத்தில் ஒரு வழக்கம் இருந்தது. தோட்டத்துச் சாலையில் துரை, அந்த வெள்ளைக்கார மேனேஜர், எதிரே வந்தால் குடையை மடக்க வேண்டும். சைக்கிளில் போகிறவன் இறங்கி ஓரமாய் நிற்க வேண்டும். துரை கடந்து போகும் வரை நகரக் கூடாது. உன் அப்பா பால்வெட்டுக்காரர். பழைய சைக்கிள் ஒன்று வைத்திருந்தார். ஆபீசுக்கு முன்னால் இருக்கும் இறக்கத்தில் ஒரு நாள் அவருக்குப் பிரேக் பிடிக்கவில்லை. துரையைத் தாண்டிப் பள்ளத்தில் போய்த்தான் சைக்கிள் நின்றது. மறுநாள் விடியற்காலைப் பெரட்டில், வேலைக்கு ஆள் பிரிக்கிற அந்தக் களத்தில், சனமெல்லாம் பார்க்க அவரைத் தலையில் சைக்கிளைத் தூக்கி வைத்துக்கொண்டு நிற்க வைத்தார்கள். “பிரேக்கு புடிக்கலைங்க தொர” என்று அவர் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. அதற்குப் பிறகு அந்தச் சைக்கிளை லயத்துச் சுவரில் ஆணி அடித்து மாட்டிவிட்டார். சாகும் வரை அதில் ஏறவே இல்லை.

அவர் போன பிறகும் உன் அம்மா அந்த லயத்தைவிட்டு நகரவில்லை. நீ ஈப்போவில், புந்தோங்கில், ஒரு வீடு பார்த்துக் கூப்பிட்டாய். “ஒங்கப்பாவ இங்க பொதைச்சிருக்கேன். நான் எங்கடா வாரேன்?” என்றுவிட்டாள். நீயும் மேற்கொண்டு வற்புறுத்தவில்லை. ஆனால் ஒன்று மட்டும் உன் மனத்தில் உட்கார்ந்துவிட்டது. அம்மாவைச் சொந்தக் காரின் பின் சீட்டில் உட்கார வைத்து, பட்டப்பகலில், அந்தத் தோட்டத்துச் சாலையிலேயே வெளியே கூட்டிக்கொண்டு வர வேண்டும். வேறெதுவும் உனக்கு வேண்டியிருக்கவில்லை.

முதல் தடவை கார் அங்கே போனது ஆயுத பூசை அன்றுதான். இறக்கத்தில் துரை நாயோடு நடந்து வந்தார். நாம் இரண்டு பேரும் என்ன செய்தோம்? காரை நிறுத்தினோம், இன்ஜினை அணைத்தோம், இறங்கி ஓரமாய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்றோம். யாரும் சொல்லவில்லை. காலே இறங்கிவிட்டது. துரை காரை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போனார். நாம் ஏறி, காரைக் கிளப்பக் காலடியில் இருக்கும் செல்ஃபை மிதித்தோம், கார் கிளம்பியது. ஈப்போவில் மீசையை முறுக்கிக்கொண்டு திரிந்த நம்முடைய லட்சணம் அவ்வளவுதான்.

லயத்தில் திருவிழாக் கூட்டம். உன் அம்மா தேங்காய், பழம், விபூதி, குங்குமம், பெரிய வெண்கலக் கிண்ணத்தில் குழைத்த சந்தனம் எல்லாம் தயாராக வைத்திருந்தாள். சக்கரத்துக்கு வைத்தாள், விளக்குக்கு வைத்தாள், ஸ்டீரிங்கைத் தொட்டுக் கும்பிட்டு அதற்கும் வைத்தாள். நீ சும்மா இருந்திருக்கலாம். பெருமை விட்டதா? பானட்டைத் திறந்து, “அம்மா, இதுதான் டைனமோ. இது சுத்துனாதான் கரண்டு வரும். அந்தக் கரண்டு பேட்டரிக்குப் போவும். பேட்டரியிலதான் வண்டியோட உசிரு இருக்கு” என்று பாடம் நடத்தினாய். அதோடு விடாமல் டைனமோவைச் சுற்றியிருந்த தகட்டுப் பட்டையையும் கழற்றி உள்ளே பளபளவென்று இருக்கும் செம்பைக் காட்டினாய்.

“உசிரு குடுக்கிறது இதுதானா? அப்ப இதுக்குத்தாண்டா மொதல்ல வச்சிருக்கணும்” என்றாள் உன் அம்மா. மூன்று விரலால் வழித்து, அந்தச் செம்பின் மேலும் பக்கத்திலும் தாராளமாகச் சந்தனத்தை அப்பினாள். அதன் மேல் விபூதி. அதன் மேல் குங்குமம். நாம் இரண்டு பேரும் பக்தியோடு கும்பிட்டுப் பட்டையை மூடினோம். கார் வைத்திருக்கிற இரண்டு மகா புத்திசாலிகள்!

அதற்குப் பிறகு ஆரம்பித்தது சனியன். சில நாள் ஒழுங்காக ஓடியது. பிறகு ஒரு நாள் காம்பார் கடைத்தெருவில் ஆளை இறக்கிவிட்டுச் செல்ஃபை மிதித்தால் ஒரு முனகல். அடுத்த மிதிக்கு அதுவும் இல்லை. ஈப்போவுக்குப் பெண் பார்க்கப் போன ஒரு கூட்டத்தைப் பாதி வழியில் இறக்கித் தள்ளச் சொன்னோம். வேட்டி எல்லாம் செம்மண். மாப்பிள்ளை நம்மை முறைத்த முறைப்பு இன்னும் கண்ணில் நிற்கிறது. அம்மீட்டர் முள்ளைப் பார்த்தால், இன்ஜின் ஓடும்போதும் அது சார்ஜ் ஏறும் பக்கம் போகவே இல்லை. பேட்டரி செலவழிந்துகொண்டே இருந்தது, வரவு என்று ஒன்றும் இல்லை.

ஈப்போவில் கார் வைத்திருந்த நம்மவர்கள் ஒவ்வொருவரிடமும் ஒரு மருந்து இருந்தது. ஜவுளிக்கடைச் செட்டியார், ஹாரன் அடிப்பதால்தான் கரண்டு போகிறது என்றார். தம்முடைய காரில் ஹாரனே அடிப்பதில்லையாம், டிரைவர் வாயால் கத்துவாராம். ஆஸ்பத்திரி டிரஸ்ஸர், மெதுவாக ஓட்டினால் பேட்டரி இளைத்துவிடும், வேகமாக விட்டால் தானாகத் தேறும் என்றார். அவர் சொன்னபடி வேகமாக விட்டு ஒரு வாத்துக் கூட்டத்தையே சிதறடித்தோம். இன்னொருவர் பேட்டரிக்கு ஈரச் சாக்குப் போர்த்தச் சொன்னார். அதையும் செய்தோம், மச்சான், வெட்கம் கெட்டவர்கள்.

பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் சீனக் கிழவர் ஒருவர்தான் சிரிக்காமல் பேசினார். ஒவ்வொரு முறை நாம் தூக்கிக்கொண்டு போகும்போதும் பேட்டரியைத் தட்டிப் பார்த்து, “பாகுஸ். டியா லாப்பார் சாஜா” என்பார். பேட்டரி நல்லதுதான், பசி மட்டும்தான் என்று அர்த்தம். நாம் பேட்டரிக்கு வைத்தியம் பார்த்தோமே தவிர, சோறு போடுகிறவன் ஏன் போடவில்லை என்று கேட்கவில்லை. டைனமோவைச் சந்தேகிக்க மனசே வரவில்லை. பூசை போட்டு வைத்த சாமானில் எப்படிக் கோளாறு வரும்?

தீபாவளிக்கு மறுநாள் உன் அம்மாவைக் கூட்டி வரப் போனோம். காலையில்தான் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றி மாட்டியிருந்தோம். நீ சந்தோஷத்தில் வழி நெடுக ஹாரன் அடித்துக்கொண்டே ஓட்டினாய். லயத்தில் சனம் சுற்றி நிற்க, உன் அம்மா புதுச் சேலையோடு பின் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். ஆபீசுக்கு முன்னால் ஏற்றத்தில் துரை எதிரே வந்தார். நீ நிறுத்தினாய், அணைத்தாய், நாம் இறங்கினோம். உன் அம்மாவும் அவசர அவசரமாக இறங்கித் தலையைக் குனிந்து நின்றாள். துரை கடந்து போனார். நீ ஏறி மிதித்தாய். ஒன்றும் இல்லை. மறுபடி மிதித்தாய். ஹாண்டிலைப் போட்டுச் சுற்றினாய், அதற்கும் இல்லை. பேட்டரியில் பொறி தட்டுகிற அளவுக்குக்கூட உயிர் இல்லை.

துரை திரும்பி நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ஆபீஸ் வராந்தாவில் கணக்கெழுதும் கிராணி இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, “தோட்டத்து மாட்டுவண்டிய அனுப்பவா தம்பி? அதுக்குச் சாவி வேணாம்!” என்று சத்தமாகச் சொன்னார். பெரட்டுக்களத்துப் பக்கமிருந்து ஆட்கள் ஓடி வந்து தள்ளினார்கள். பின்னோக்கி இறக்கத்தின் அடி வரை தள்ளியும் கார் உசும்பவில்லை. உன் அம்மா லயத்தைப் பார்க்கத் திரும்பி நடந்தாள். நீ பின்னாலேயே ஓடினாய். “என்னைய ஏத்திக்கிட்டுப் போவ வண்டி வேணாம்பா. எனக்குக் காலு இருக்கு” என்றாள். அவள் கோபத்தில் சொல்லியிருந்தால் தேவலை. நிதானமாகச் சொன்னாள். அன்றைக்கு நீ அழுததை நான் பார்க்காத மாதிரி மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தோட்டத்தில் நம் காருக்குத் ‘தள்ளுவண்டி’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். சந்தைக்கு வரும் சனம் என் கடையில் அதைச் சொல்லியே சாமான் கேட்டது. நீ முன்னைப் போலப் பேசுவதை நிறுத்திவிட்டாய். இரண்டு பேட்டரி வைத்துக்கொண்டு, ஒன்று கிழவர் கடையில் சாப்பிட ஒன்று காரில் உழைக்க, எப்படியோ பிழைப்பு ஓடியது.

தைப்பூசம் நெருங்கியபோது உன் அம்மாவிடமிருந்து ஆள் வந்தது. ஈப்போவில் மலைக்குகை முருகனுக்குப் பால்குடம் வேண்டிக்கொண்டிருக்கிறாளாம், காரை எடுத்துக்கொண்டு வரச் சொன்னாளாம். என்ன வேண்டுதல் என்று கேட்டாய். வந்த ஆள் சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னான்: “மகன் வண்டி தள்ளாம ஓடணும்னு.” நீ சிரிக்கவில்லை. அன்று சாயங்காலம் காரை உன் வீட்டுக்குப் பின்னால் ஓட்டிக்கொண்டு போனவன், என்னையும் உள்ளே விடவில்லை.

தைப்பூசத்தன்று காலையில் நீ என்னை ஏற்ற வந்தபோது அம்மீட்டர் கண்ணாடி முழுவதையும் மறைத்துப் பெரிய சந்தனப் பொட்டும் அதன் நடுவில் குங்குமமும் இருந்தன. “முள்ளு தெரியலையேடா” என்றேன். “தெரிஞ்சி என்னா செய்யப் போறோம்? முருகன் பாத்துக்குவாரு” என்றாய். பாவம், அந்த முள்ளைப் பார்க்கவே இவனுக்குப் பயம் வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். பிறகு கண்டிப்பாகச் சொன்னாய்: “மச்சான், ஹாரன் கெடையாது. செல்ஃபு கெடையாது. ஹாண்டில் போட்டுத்தான் கெளப்பியிருக்கேன். ஈப்போவுக்குத் திரும்பி வார வரைக்கும் இன்ஜின அணைக்கப் போறதில்ல. அணைஞ்சா அவ்வளவுதான்.” நான் வழி நெடுக முருகனை நினைத்துக்கொண்டும், மாட்டுவண்டிகளைப் பார்த்து வாயால் கத்திக்கொண்டும் வந்தேன். செட்டியார் வீட்டு டிரைவர் தோற்றார்.

லயத்தில் நமக்காகவே ஒரு கூட்டம் காத்திருந்தது. இளவட்டங்கள் சிலர் முழங்கை வரை சட்டையைச் சுருட்டிவிட்டுத் தயாராக நின்றார்கள், தள்ளுவதற்கு. நீ இறங்கவில்லை. இன்ஜின் ஓடிக்கொண்டே இருக்க, நான்தான் இறங்கி உன் அம்மாவை ஏற்றினேன். மஞ்சள் சேலை, வாயில் மஞ்சள் துணி கட்டிய பால்குடம் மடியில். “அணைச்சிராதப்பா” என்றாள் அவளே. துணிக்கூரையை நீ மேலே இழுத்து மாட்டியிருந்தாய், அவள் மேல் வெயில் படாமல். கார் நகர்ந்ததும் பின்னால் யாரோ கைதட்டினார்கள்.

ரப்பர் மரங்களுக்கு நடுவே கார் போய்க்கொண்டிருந்தது. திருப்பம் தாண்டி ஆபீஸ் ஏற்றம். ஏற்றத்தின் உச்சியில், சாலையின் நடுவில், வெள்ளைத் தொப்பியும் நாயும். என் கால்கள் தாமாகவே இறங்கப் பார்த்தன.

“டேய், தொரடா! நிப்பாட்டு!” என்றாள் உன் அம்மா.

“நிப்பாட்டுனா திரும்ப கெளம்பாதும்மா.”

“கெளம்பாட்டி போவுது! நிப்பாட்டுடா. ஒங்கப்பாவ மறந்துட்டியா?”

“மறக்கலம்மா” என்றாய். திரும்பிப் பார்க்கவில்லை. உன் கழுத்தில் வியர்வை ஓடிக்கொண்டிருந்தது.

அவளுக்கு உன் மேல் நம்பிக்கை இல்லை. முன்னால் சாய்ந்து என் தோளைப் பிடித்து உலுக்கினாள். “நீ சொல்லுப்பா. நெசமாவா?”

“நெசம்மா! நின்னா போச்சு. இதே எடத்துல மறுபடியும் தள்ளணும். ஆத்தா மேல சத்தியமா கெளம்பாது!” என்று தொண்டை கிழியக் கத்தினேன்.

என் முகத்தை ஒரு நொடி பார்த்தாள். தோளை விட்டுவிட்டுப் பின்னால் சாய்ந்து உட்கார்ந்து, பால்குடத்தை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டாள். “அப்ப போடா” என்றாள்.

நீ மிதித்தாய். துரை நாயை இழுத்துக்கொண்டு புல் ஓரத்துக்கு நகர்ந்தார். கார் அவர் பக்கத்தில் போகும்போது நடந்ததை நாம் இரண்டு பேரும் பிறகு எத்தனை முறை சொல்லிச் சொல்லிச் சிரித்திருப்போம்! கூரை போட்ட கார், பின் சீட்டில் ஒரு பெண் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறாள். அவருக்கும் ஒரு வழக்கம் இருக்கிறதே. நமக்குத் துரையைக் கண்டால் கால் இறங்குவது போல, அவருக்குக் காரில் சீமாட்டியைக் கண்டால் கை எழும்பும். எழும்பிவிட்டது. தொப்பியைத் தூக்கினார். பால்வெட்டுக்காரன் மனைவிக்கு, தள்ளுவண்டிக்காரன் அம்மாவுக்கு, அந்தத் தோட்டத்துத் துரை தொப்பியைத் தூக்கி வணக்கம் வைத்தார். உன் அம்மா பதறவில்லை. பால்குடத்திலிருந்து ஒரு கையை எடுத்து நெற்றிக்குக் கொண்டு போய், உட்கார்ந்தபடியே பதில் வணக்கம் வைத்தாள்.

வராந்தாவில் இருந்த கிராணி துரையின் தொப்பி எழுந்ததைத்தான் முதலில் பார்த்தார். யாரோ பெரிய இடம் என்று நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து, குனிந்து ஒரு சலாம் போட்டார். நிமிர்ந்தபோது நம் முகம் தெரிந்துவிட்டது. அவர் வாய் திறந்தது திறந்தபடியே இருந்தது. நான் அவருக்கு மட்டும் பல்லைக் காட்டினேன். பின்னால் தூசியில் துரை கையில் தொப்பியோடு திரும்பி நின்றுகொண்டிருந்தார், தலையில் திருப்பி வைக்க மறந்து.

பெரிய சாலைக்கு வந்துவிட்டோம். சுண்ணாம்பு மலைகள் வெயிலில் வெள்ளையாய்த் தெரிய ஆரம்பித்த இடத்தில், பின் சீட்டிலிருந்து ஒரு சத்தம் கேட்டது. அழுகிறாளோ என்று திரும்பினேன். சிரித்துக்கொண்டிருந்தாள். சிரிப்போடு கண்ணீரும் வழிந்துகொண்டிருந்தது. “பிரேக்கு புடிக்கலைங்க தொரன்னு சொன்னாரே ஒங்கப்பா” என்றாள். “இன்னிக்கு இருந்திருக்கணும்டா மனுசன்.” மடியில் இருந்த பாலில் ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை.

கோயில் பக்கத்தில் மரத்தடியில் நீ காரை நிறுத்தி, கொஞ்சமும் யோசிக்காமல் இன்ஜினை அணைத்தாய். நான் தலையில் அடித்துக்கொண்டேன். “என்னாடா செஞ்சிட்டே!” உன் அம்மாவும் பதறிப்போனாள். நீ இறங்கி, முன் கதவைத் திறந்து, அவளைக் கைபிடித்துக் கூட்டி வந்து கீழே இருந்த செல்ஃப் குமிழைக் காட்டினாய். “அம்மா, இத மிதி.”

“பூசை போட்ட வண்டியக் காலால மிதிக்கிறதா? போடா” என்றாள். பால்குடத்தை என்னிடம் கொடுத்துவிட்டு, பலகையில் முழங்காலிட்டு, குமிழைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, இரண்டு உள்ளங்கையாலும் அழுத்தினாள். பால்வெட்டிக் காய்த்துப்போன கை. தொட்டதுமே இன்ஜின் உறுமிக்கொண்டு கிளம்பியது. அவள் பயந்து பின்வாங்கி, மறுபடி சிரித்தாள். “முருகா! இன்னும் பாலே ஊத்தல, அதுக்குள்ளயா!” என்றாள். நீ அம்மீட்டர் மேல் இருந்த பொட்டை விரலால் வழித்து எடுத்தாய். முள் சார்ஜ் பக்கத்தில் நன்றாகச் சாய்ந்து நின்றது.

அவள் கோயிலுக்குள் போன பிறகு நான் உன் சட்டையைப் பிடித்தேன். “எப்படா சரி பண்ணே?”

“முந்தாநாளே, லா.” சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னக் கார்பன் துண்டை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தாய். டைனமோவில் செம்பைத் தொட்டுக் கரண்டை வாங்க வேண்டிய துண்டு. அதன் பக்கமெல்லாம் சந்தனம் காய்ந்து இறுகிப் போயிருந்தது. வழிந்து போன சந்தனம் அது நகரும் குழியில் பிசினாய் ஒட்டிக்கொண்டு, கார்பனைச் செம்பிடம் போகவிடாமல் பிடித்து வைத்திருந்தது. அதைச் சுரண்டி எடுத்து, வேறு துண்டு போட்டு, செம்பைத் துடைத்ததும் எல்லாம் முடிந்தது என்றாய். “இது எங்கம்மாவுக்குத் தெரியக் கூடாது, மச்சான். அவ வச்ச சந்தனம்தான்னு தெரிஞ்சா ஒடைஞ்சி போயிருவா.”

“சரி, அவளுக்குச் சொல்லாட்டி போவுது. எனக்கு ஏண்டா சொல்லல?”

“ஒனக்குப் பொய் வராது. காது செவந்துரும். அம்மா என்னைய நம்ப மாட்டா, ஒன் மூஞ்சியத்தான் பாப்பா. அதான் ஒன்னைய நெசமாவே நம்ப வச்சேன்.”

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஆத்தா மேல் பொய்ச் சத்தியம் செய்ய வைத்துவிட்டாயே என்று கத்தினேன். அப்போது நீ சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னதை நான் இந்த நாள் வரை மறக்கவில்லை. “மச்சான், வண்டி நின்னா கெளம்பும்னு தெரிஞ்சிருந்தா நம்ம மூணு பேரும் நின்னுருப்போம். எனக்குத் தெரியும், நானும் நின்னுருப்பேன். ஏன் பொட்டு வச்சி மறைச்சேன்னு நெனக்கிறே? முள்ளப் பாத்தா எனக்கே நெசம் ஞாபகம் வந்துரும். அப்பக்கூடப் பாதி வழியில என் காலு பிரேக்கு மேலதான் இருந்துச்சு.”

அன்று மாலை உன் அம்மா தோட்டத்துக்குத் திரும்பவில்லை. புந்தோங் வீட்டில் அடுப்பு மூட்டினாள். சில நாள் கழித்துப் பெரட்டுப் பட்டியலிலிருந்து அவள் பெயரை எடுத்துவிட்டார்கள் என்று சேதி வந்தது. “எடுத்துக்கட்டும், நான் எங்க அங்க இருக்கேன்?” என்றாள். அப்பாவின் நினைவு நாளுக்கு மட்டும் வருசா வருசம் காரில்தான் போனாள், பின் சீட்டில், நிமிர்ந்து. லயத்துச் சுவரில் இருந்த சைக்கிளையும் அப்படி ஒரு முறை போனபோதுதான் எடுத்து வந்தோம். அந்தத் துரை அதற்குப் பிறகு நம் காரைக் கண்டால் முகத்தை மரத்துப் பக்கம் திருப்பிக்கொள்வார், நீயும் ஹாரன் அடிக்காமல் மரியாதையாகக் கடந்து போவாய். அடுத்த ஆயுத பூசைக்கு முந்தின நாளே டைனமோ மேல் ஒரு தகர மூடியைத் திருகி, அதன் மேல் சிவப்பு மையால் வட்டம் போட்டு வைத்தாய். “இங்க வச்சா போதும்மா, உள்ள அதுவே எடுத்துக்கும்” என்பாய். அவள் சாகும் வரை நம்பிக்கையோடு அந்த வட்டத்துக்குப் பொட்டு வைத்தாள்.

அந்தக் கார்பன் துண்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. காலையில் மகன் தலையைத் தடவிக்கொண்டு வந்து நின்றபோது அதை அவன் கையில் கொடுத்து மோந்து பார்க்கச் சொன்னேன். சந்தன வாசம் வருகிறது என்றான். எனக்கு ஆச்சரியம். இத்தனை வருசம் கழித்து வராது என்றுதான் நினைத்திருந்தேன்.

நான் பிறகு கார் ஓட்டக் கற்றுக்கொண்டேன், உனக்குத் தெரியும், மோசமாக ஓட்டுகிறேன் என்பாய். எத்தனையோ துரைகள் எதிரே வந்துவிட்டார்கள். வெள்ளையில் மட்டுமா துரை உண்டு? இப்போதும் அப்படி ஒருவர் எதிர்ப்பட்டால் என் கால் தானாகப் பிரேக்கைத் தேடுகிறது. உடனே பின் சீட்டிலிருந்து ஒரு கை என் தோளைப் பிடிக்கிறது. நீ சொல்லுப்பா, நெசமாவா? நெசம்மா, நின்னா கெளம்பாது என்கிறேன். அன்றைக்குப் பொய் என்று தெரியாமல் சொன்னேன். இன்றைக்குத் தெரிந்தே சொல்கிறேன், மச்சான். காது சிவப்பதில்லை.